சும்மா கிடக்காத கடைத்தெரு

எதுவும் சும்மா கிடக்கக் கூடாது அந்த அக்காவுக்கு. இடமாக இருந்தாலும் சரி, பாத்திரமாக இருந்தாலும் சரி, மனுஷன் கையாக இருந்தாலும் சரி, காலியாக ஒன்றைப் பார்த்துவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. "சும்மாதானே கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே அதில் எதையாவது கொண்டுவந்து வைத்துவிடுவாள். அது யாருடையது, ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்பதெல்லாம் அப்புறம்.

பெயர் எனக்குத் தெரியாது. அருப்புக்கோட்டைப் பழைய கடைத்தெருவில் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பணியாரக்கார அக்கா என்றால் போதும். என் பாத்திரக் கடைக்கு நேர் எதிரே, சரக்கு அடுக்கிவைக்கிற ஒரு பழைய கிட்டங்கியின் சுவரை ஒட்டி அடுப்புப் போட்டிருந்தாள். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். வீட்டில் தெலுங்கு, வெளியே எங்கள் தமிழ். என்னைவிட மூத்தவள்தான். ஆனாலும் கடை வைத்திருக்கிறவன் எவனாக இருந்தாலும் அவளுக்கு அண்ணாச்சி. நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னை அண்ணாச்சி என்பாள். வெளியூர்க்காரர்கள் கேட்டுவிட்டு, இதில் யார் பெரியவர் என்று முழிப்பார்கள்.

இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் பித்தளை வரத்து நின்றுபோயிருந்தது. கடையில் இருந்ததெல்லாம் பழைய சரக்கு. அதில் பெரிய அண்டா ஒன்றை, போகிறவர் வருகிறவர் கண்ணில் படட்டும் என்று வாசலில் வைத்திருந்தேன். ரெட்டியபட்டியிலிருந்து வெள்ளாமை பார்க்கிற சம்சாரி ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு அண்டா பார்க்க வந்தார். "தட்டிப் பாருங்க, கோயில் மணி மாதிரி கேக்கும்" என்றேன் பெருமையாக. அவர் தட்டினார். உள்ளேயிருந்து ஒரு கோழி சீறிக்கொண்டு எழுந்தது. அடியில் வைக்கோல், வைக்கோல்மேல் முட்டை. எனக்கு மானமே போய்விட்டது. எதிரே பார்த்தால் அக்கா தலையை நிமிர்த்தாமல் பணியாரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அக்கா, இது யாரு பாத்த வேலை?"

"உள்ள காத்துதானே இருந்துச்சு அண்ணாச்சி. அதுவும் பாவம், எடந் தேடி அலையுது."

சம்சாரி சிரிக்கவில்லை. அண்டாவை ஒரு சுற்று சுற்றி வந்தார். "கோழி அடையிருந்த பாத்திரம். கல்யாண வீட்டுக்கு நல்லதுதானே" என்றார். அதுவேதான் வேண்டும் என்று நின்றுவிட்டார். குஞ்சு பொரிக்கிற வரைக்கும் அசைக்கக் கூடாது என்று அக்கா சொல்ல, அவரும் சரியென்று போய், பொரித்த பிறகு வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனார். விற்றது என் அண்டா. ராசி என்ற பேர் மட்டும் அவள் கோழிக்குப் போயிற்று.

இன்னொரு நாள் ஒரு போலீஸ்காரர் வந்தார். ரேஷன் அரிசியில் பலகாரம் போடுகிறாளா என்று விசாரிக்க வந்தவர். முக்காலியில் உட்கார்ந்து லத்தியை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். அக்கா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். நடுவில் அவர் மடியிலிருந்த லத்தியை எடுத்துச் சுவரோரம் சாத்திவிட்டு, சின்ன வெங்காயக் கூடையை அந்த இடத்தில் வைத்தாள்.

"கை சும்மாதானே இருக்கு ஐயா. பேசிக்கிட்டே உரிச்சுப் போடுங்க."

மனுஷர் உரித்தார். ஏன் உரிக்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். பணியாரக்கார அக்கா போலீசையே அழவைத்துவிட்டாள் என்று தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது.

சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் கூட இருந்து பட்டவனுக்குத்தான் தெரியும். மழைக்கு ஒதுங்கிய பண்டாரங்களை என் கடைக்குள் உட்கார வைத்துவிடுவாள். என் வீட்டுக்காரி சும்மா இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு அவளுக்கு அரைக்கச் சொல்லி உளுந்து கொடுத்தனுப்பிவிடுவாள். என் வீட்டுக்காரி சும்மா இருக்கிறாள் என்று இவளுக்கு யார் சொன்னது? அடுத்தவர் பொருள், அடுத்தவர் நேரம் என்ற கோடே அவள் கண்ணுக்குத் தெரியாது. பல நாள் அவளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

அவள் புருஷன் சண்டைக்கு முன்னாலேயே ரங்கூனுக்குப் போனவர். அப்புறம் கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. அங்கிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர்களிடம் கேட்டும் தகவல் கிடைக்கவில்லை. சொந்தக்காரப் பெண் ஒருத்தி ஒரு நாள் அடுப்பண்டை உட்கார்ந்து, இன்னும் எதுக்கு அக்கா இந்தத் தாலி என்று ஆரம்பித்தாள். என் கடைவரைக்கும் கேட்டது. அக்கா மாவை ஊற்றிக்கொண்டே சொன்னாள், "அது பாட்டுக்குக் கெடக்கட்டும். கழுத்து சும்மா கெடந்தா நல்லாவா இருக்கும்."

அன்றைக்கு அவள்மேல் எனக்கு எரிச்சல் வரவில்லை.

இப்போது தெருவின் கதைக்கு வருகிறேன். அந்தத் தெரு ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்று நான் அளக்கப்போவதில்லை. பருத்தி வண்டியும் கம்பு வண்டியும் நுழைந்தால் திரும்ப இடமிருக்காது, அவ்வளவுதான். ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் இருந்தது. நெசவாளிகள் காலையில் பாவு நீட்டுகிற பொட்டல். பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஏறும் நூல். அதை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இரண்டு பக்கமும் ஆள் நின்று பிரஷால் நீவிக்கொண்டே நடந்து காயவைக்க வேண்டும். அந்தப் பொட்டலை ஒரு பஸ் முதலாளி வாங்கி, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற தன் கரி பஸ்களை நிறுத்த ஆரம்பித்தார். பஸ் நிற்கிற இடத்தில் ஜனம் நின்றது. ஜனம் நின்ற இடத்தில் தகரக் கொட்டகை முளைத்தது. எங்கள் தெருவின் மளிகைக்கடை அண்ணாச்சி முதலில் அங்கே போனார். அவர் பின்னாலேயே ஜவுளிக்கடை, மருந்துக்கடை என்று ஒவ்வொன்றாகக் கிளம்பிற்று.

சண்டை முடிகிற நேரத்தில் எங்கள் தெருவில் பாதிக் கதவுகளில் பூட்டுத் தொங்கியது. மத்தியானத்தில் தெருவின் இந்த முனையில் நின்றால் அந்த முனையில் படுத்திருக்கிற நாய் தெரியும். வியாபாரிக்கு அதைவிடக் கேவலமான காட்சி கிடையாது. அப்பா கட்டிய கல்தூண் வைத்த கடை, சொந்தக் கடை, வாடகை இல்லை. இருந்து என்ன செய்ய? ஆள் வந்தால்தானே கடை. நானும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கொட்டகைக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். என் கடைதான் அந்தத் தெருவில் மிஞ்சிய பெரிய கடை. நானும் போய்விட்டால் அதற்குத் தெரு என்று பேர் சொல்ல ஒன்றுமில்லை. அக்காவின் அடுப்பும் அதோடு அணைந்துவிடும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவள் பாட்டுக்குத் தெருவின் நடுவில் போய் நின்று முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் இல்லை, தினமும். நான் கேட்டேன்.

"என்னக்கா, என்னத்தத் தேடுறே?"

"ஒண்ணும் தேடலண்ணாச்சி. எம்புட்டு நீளம் பாருங்க. சும்மாதானே கெடக்கு."

அடுத்த வாரம் விடிந்ததும் கடையைத் திறக்க வருகிறேன், தெருவில் பாவு நீண்டு கிடக்கிறது. இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணுமாக நெசவாளிகள் கஞ்சி வடிய வடிய நீவிக்கொண்டு நடக்கிறார்கள். பொட்டல் போனபின் அவர்கள் சந்திலும் முட்டுத்தெருவிலும் பாவைத் துண்டுதுண்டாகக் கட்டிக்கொண்டு அல்லாடியிருக்கிறார்கள். எங்கள் ஊர்க் காற்றுத்தான் தெரியுமே, புழுதியை வாரிக் கஞ்சிமேல் அடித்துவிடும். எங்கள் தெருவிலோ இரண்டு பக்கமும் உயரமான கட்டடம். காற்று மேலேயே போய்விடும். வெயில் உள்ளே இறங்க நேரமாகும். இதையெல்லாம் அக்கா அவர்கள் வீடுவீடாகப் போய்த் தெலுங்கில் சொல்லியிருக்கிறாள். எங்களிடம் தமிழில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மிச்சமிருந்த கடைக்காரர்கள் நாங்கள் கூடிப் போய்ச் சத்தம் போட்டோம். வண்டி எப்படி வரும், ஆள் எப்படி நடக்கும் என்று கேட்டோம். அக்கா எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

"எந்த வண்டி அண்ணாச்சி?"

நாங்கள் திரும்பித் தெருவைப் பார்த்தோம். கடைசியில் நெசவாளிகளில் பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார். எல்லாரும் அவரை மேஸ்திரி என்பார்கள். தெருவில் பாதி பாவுக்கு, பாதி வண்டிக்கு, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிக்கொண்டு போய்விடுவோம் என்று கும்பிட்டுச் சொன்னார். நாங்களும் முனகிக்கொண்டே கலைந்தோம்.

பாவைத் தாங்குகிற கழிகளைத் தினமும் சுமந்து வருவது கஷ்டமாக இருந்தது. அக்கா மளிகைக்கடை அண்ணாச்சியின் மூடிய கடையைத் திறந்து கழிகளை உள்ளே அடுக்கிவிட்டாள். சாவி எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. அவருக்குத் தகவல் போய், பஸ் ஸ்டாண்டிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"யாரக் கேட்டு எங்கடையத் தொறந்தே?"

"எலி குடியிருந்துச்சு அண்ணாச்சி. அதுக உங்களக் கேட்டுச்சுங்களா?"

அவர் கையை ஓங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவள் அசையவில்லை. ஓங்கிய அந்தக் கையில் இலையில் வைத்த பணியாரத்தைக் கொடுத்தாள். அவரும் வாங்கிவிட்டார். வாங்கிய பிறகு எப்படி அடிப்பது? திட்டிக்கொண்டே தின்றார். தின்றுகொண்டே, கழி அடுக்கியதில் சுவருக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் செய்தது சரி என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

இதெல்லாம் பார்த்தும் நான் மனசை மாற்றிக்கொள்ளவில்லை. பாவு நீட்ட வருகிறவன் அண்டாவா வாங்கப்போகிறான்? நல்ல நாள் பார்த்து, வண்டிக்குச் சொல்லிவிட்டு, முந்தின நாளே பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டேன். அக்கா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தப் பார்வை எனக்கு உறுத்தியது.

விடிந்து வருகிறேன். பாவின் ஒரு முனை என் கடைக் கல்தூணில் கட்டியிருக்கிறது. வழக்கமாகத் தெருக்கோடியில் முளை அடித்துத்தான் கட்டுவார்கள். அன்றைக்கு என் தூண். கஞ்சியும் போட்டாயிற்று. கஞ்சி போட்ட பாவை நடுவில் அவிழ்க்க முடியாது. காய்வதற்குள் கை எடுத்தால் இழையோடு இழை ஒட்டிக்கொண்டு மொத்தமும் பாழ். ஒரு வீட்டின் பல நாள் சோறு அது. அந்தப் பாவு என் கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வண்டி தெருமுனையில் நிற்கிறது.

நேரே அக்காவிடம் போனேன். "இது நீ செஞ்ச வேலைதானே?"

"தூணு சும்மாதானே நின்னுக்கிட்டு இருந்துச்சு."

"நான் இன்னைக்குக் கெளம்புறது ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்பறம்?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கை சும்மா இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நீங்க போனா நாளைக்கு நானும் அடுப்பு மூட்ட வேண்டியதில்ல. அதச் சொல்லி உங்கள நிறுத்த எனக்கு என்ன பாத்தியதை இருக்கு? காஞ்சதும் அவுத்துருவாக. நீங்க தாராளமாப் போங்க. அதுவரைக்கும் சித்த இருந்துட்டுப் போங்கன்னுதான்."

கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அதற்குள்ளே வேறு ஏதோ ஒன்றும் வந்தது. கடைக்குள் போய் மூட்டைகள் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் பாவுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தாள். கை முழுக்கக் கஞ்சி.

"அண்ணாச்சி, கஞ்சிக் குண்டா ஓட்டையாப் போச்சு. வேற ஒண்ணு சட்டுனு குடுங்க. வடியுது."

அந்த நேரத்தில் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஒரு சாக்கை அவிழ்த்தேன். குண்டா அடியில் கிடந்தது, மேலே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. எடுத்து வைத்ததைப் பார்த்து இன்னொருத்தி செம்பு விலை கேட்டாள். அவளுக்குப் பின்னால் மேஸ்திரியின் மருமகள் வந்தாள், பிள்ளைப்பேறு வருகிறது, வெந்நீர்த் தவலை வேண்டும் என்றாள். அவர்களில் யாரும் அதற்கு முன்னால் என் கடைப் படி ஏறியதில்லை. பெரிய கடை, நம்மை உள்ளே விடுவார்களோ என்று நினைத்திருந்ததாக அந்த மருமகள் சொன்னாள். என் அப்பா காலத்திலிருந்து அந்த ஊரில்தான் இருக்கிறோம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பாவு காய்ந்து சுருட்டும்போது பாதிச் சாக்குகள் அவிழ்ந்து கிடந்தன. வண்டிக்காரன் வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கி எழுந்து வந்தான்.

"மொதலாளி, ஏத்தவா வேண்டாமா? சொல்லிருங்க, நான் வீட்டப் பாத்துப் போறேன்."

நாளைக்கு வா என்றேன். மறுநாளும் பாவு அதே தூணில் கட்டியிருந்தது. நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. வண்டிக்காரனும் வரவில்லை.

அப்புறம் தெருவுக்கு உயிர் வந்தது என்று மொத்தமாகச் சொல்லிவிட மாட்டேன். மெல்ல மெல்லத்தான் வந்தது. நூலுக்கு இருந்த சர்க்கார் கட்டுப்பாடு தளர்ந்ததும் ஒரு நூல் கடை வந்து உட்கார்ந்தது. சேலைக்குக் கொடுக்கல் வாங்கல் பேசுகிறவர்கள் பாவைப் பார்க்க விடியற்காலையில் வந்து, அக்காவிடம் பணியாரம் தின்றுவிட்டுப் போனார்கள். பூட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மளிகைக்கடை அண்ணாச்சி கஞ்சிக்கு அரிசியும் எண்ணெயும் விற்கலாம் என்று தன் பழைய கடையில் ஒரு ஆளை உட்கார வைத்தார். சுவரில் கழி கீறிய இடத்தைக் காட்டி, அக்காவிடம் ஒரு மாதம் சண்டை போட்டார். சண்டை போட வருகிற ஒவ்வொரு தடவையும் இலையைக் கையில் வாங்கிக்கொண்டுதான் பேசுவார்.

இப்படிச் சில வருஷம் போயிற்று. ஒரு சித்திரை மாதக் காலை. பாவு நீட்டிக் கஞ்சி போட்டுப் பாதித் தூரம் நீவியாயிற்று. நான் கடை திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அக்கா அடுப்பின் முன்னால் உட்கார்ந்தபடியே கிட்டங்கிச் சுவரில் சாய்ந்தாள். களைத்துச் சாய்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் பணியாரம் தீய்கிற வாசனை வந்தது. அவள் அடுப்பில் எதுவும் தீய்ந்து நான் பார்த்ததில்லை. ஓடினேன். எனக்கு முன்னால் பாவு வரிசையிலிருந்து அவள் தங்கை மகள் பிரஷைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்து, தெலுங்கில் ஏதோ சொல்லிக் கத்தினாள். பாஷை தெரியாத எனக்கும் அது புரிந்துவிட்டது. அக்கா போய்விட்டாள்.

சேதி பாவு நெடுகப் போயிற்று. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் கையும் நிற்கவில்லை. நிறுத்தினால் பாவு போய்விடும். பார்த்துக்கொண்டே நீவினார்கள், அழுதுகொண்டே நீவினார்கள், கண்ணைத் துடைக்கக்கூட யாரும் கை எடுக்கவில்லை. மேஸ்திரி தோளில் கிடந்த துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நடந்தார்.

நான் அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்தேன். அக்காவைத் தங்கை மகளும், சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடிவந்த இன்னொருத்தியும் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. தெரு நடுவில் மரமாக நின்றேன். பாவு வரிசையில் அந்தத் தங்கை மகள் நின்ற இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் கஞ்சி வெளுக்க ஆரம்பித்திருந்தது.

மேஸ்திரி கீழே கிடந்த பிரஷை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"அண்ணாச்சி, கை சும்மாதானே இருக்கு. புடிங்க."

வேண்டுமென்றே சொல்லவில்லை அவர். வாயில் தானாக வந்தது. சொன்ன பிறகுதான் யாருடைய வார்த்தை என்று அவருக்கும் உறைத்தது, எனக்கும் உறைத்தது. நான் பிரஷை வாங்கி அந்த இடத்தில் நின்றேன். எதிர்ப்பக்கம் நின்ற பெண் எப்படி நீவ வேண்டும் என்று கண்ணாலேயே காட்டினாள். என் கடைத் தூணிலிருந்து தெருக்கோடி வரைக்கும் அவர்களோடு நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். பாவு காய்ந்து, மேஸ்திரி தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டிய பிறகுதான் எல்லாரும் அவளிடம் போனோம்.